எண்ணெய் ஒழுகும் செயின்சா: பொறுத்துக்கொள்வதா, பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் செயின்சா வைத்திருப்பவர்கள் வீட்டு கராஜுக்குள் போய்ப் பாருங்கள். ரம்பத்துக்கு அடியில் ஓர் அட்டையோ கிழிந்த துண்டோ கிடக்கும், அதில் எண்ணெய் கறுப்பாக ஊறியிருக்கும். கேட்டால் "அது அப்படித்தான்" என்பார்கள். பாதி நேரம் அது உண்மைதான். ஆனால் நிஜமாகவே கெட்டுப்போன ரம்பத்தையும் அதே "அப்படித்தான்" மூடி மறைத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், ஒன்றுமே கெடாத ரம்பத்தை ஒழுகுகிறது என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் புதியதும் ஒரு மாதத்தில் அட்டையை நனைக்கும்.

எங்கள் கோயில் கமிட்டியில் இந்தப் பேச்சு வருஷா வருஷம் வரும். எங்கள் நட்டால் பகுதியில் பல மாரியம்மன் கோயில்களில் தீமிதி புனித வெள்ளியன்று நடப்பது தெரிந்ததுதான். நாலு நாள் தொடர் விடுமுறை என்பதால் அந்த நாள் அப்படியே நிலைத்துவிட்டது. குழிக்கு வேண்டிய கட்டையை முன்கூட்டியே வெட்டிக் காயவைக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் ரம்பம் மற்ற நாட்களில் ஸ்டோர் ரூமில், பந்தல் துணிக்கும் அண்டாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும். "தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரி ரம்பம் வாங்கலாம்" என்பார் ஒருவர். "ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்" என்பார் இன்னொருவர். மூத்தவர் ஒருவர், "கட்டையை வெட்டியே வாங்கிவிட்டால் என்ன தம்பி?" என்று கேட்பார். மூன்றுமே அர்த்தமில்லாத யோசனைகள் அல்ல. ஆனால் எது சரி என்பது ரம்பம் எப்போது, எங்கிருந்து ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தால் சீட்டுக் குலுக்கின மாதிரிதான்.

முதலில் ஒரு விஷயம். கசிவது எண்ணெயா, பெட்ரோலா? முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் கலவை கசிந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வழியும் பொருந்தாது. அந்த ரம்பத்தை ஸ்டார்ட் செய்யவே கூடாது, பூஜை அறை விளக்கு இருக்கும் கட்டடத்துக்குள் வைக்கவும் கூடாது. சைலன்சர் பக்கம் கரியும் பிசுக்குமாக வடிவது மூன்றாவது வகை. அது பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் எரியாமல் வெளியேறுவது. பார் ஆயிலோடு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பாருக்கும் செயினுக்கும் போகும் எண்ணெயோடு, அதற்குச் சம்பந்தமில்லை.

பார் ஆயில் போகிற பாதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தொட்டியில் ஒரு சின்ன வடிகட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய், கிளட்சுக்குப் பின்னால் ஒரு குட்டி பம்ப், பிறகு உடம்பில் ஒரு துளை. அந்தத் துளைக்கு நேராகப் பாரிலும் ஒரு துளை இருக்கும். எண்ணெய் அங்கே புகுந்து, பாரின் விளிம்பில் ஓடும் பள்ளத்தில் இறங்கி, செயினோடு சுற்றிப் போய் மரத்தூளோடு வெளியே விழும். கார் இன்ஜினில் போல எண்ணெய் திரும்பி வராது. போனது போனதுதான். அதனால் ரம்பத்தை நிறுத்தும்போது பாரின் பள்ளத்திலும் செயினிலும் கவருக்குள் அடைந்த தூளிலும் இருக்கும் எண்ணெய் ராத்திரி முழுக்க மெதுவாக இறங்கும். உள்ளங்கை அளவு கறை என்றால் அதைக் கசிவு என்றே சொல்ல மாட்டேன். ஆனால் நிரப்பி வைத்த தொட்டி காலையில் பாதி காலியாக இருந்தால் அது வேறு கதை.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம் ஊரில் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எண்ணெய் குறையக் குறைய தொட்டிக்குள் காற்று போக வேண்டும், இல்லையென்றால் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. அதற்காகத் தொட்டியில் ஒரு காற்று வால்வு உண்டு. பெரும்பாலான ரம்பங்களில் அது ஒருவழிப் பாதை: காற்றை உள்ளே விடும், எதையும் வெளியே விடாது. இப்போது தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமை நினைத்துப் பாருங்கள். பகலில் சூடு ஏறினால் தொட்டிக்குள் இருக்கும் காற்று விரியும். வால்வு வழியே வெளியேற முடியாது, ஆகவே எண்ணெயைத்தான் பம்ப் வழியாகத் தள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் வால்வு புதுக் காற்றை உள்ளே இழுக்கும். மறுநாள் மறுபடியும் தள்ளும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். சிறிய வீட்டு ரம்பத்தின் எண்ணெய்த் தொட்டி ஏறக்குறைய 150 மி.லி. பிடிக்கும். அது பாதி காலி என்றால் உள்ளே 75 மி.லி. காற்று. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்தக் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு விரியும், அதாவது 5 மி.லி., ஒரு தேக்கரண்டி. பாகம் எதுவும் கெடாமலே ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி வரை வெளியே வரலாம். ஆகஸ்டில் மலைப் பக்கமிருந்து பெர்க் காற்று அடிக்கும்போது குளிர்கால நடுவில் திடீரென்று கோடை மாதிரி சூடாகுமே, அந்த நாட்களில் "நேற்று வரை ஒழுகவில்லை, இன்று ஒழுகுகிறது" என்று சொல்பவர்களின் ரம்பத்தில் நடப்பது இதுதான். தொட்டி முழுதாக இருந்தால் உள்ளே காற்று குறைவு, ஆகவே தள்ளுவதும் குறைவு. சுத்தமாகக் காலியாக இருந்தால் தள்ள ஒன்றுமே இல்லை. பாதியோ அதற்கு மேலோ காலியாகி, அடியில் எண்ணெய் மிஞ்சிய தொட்டிதான் மோசம். ஆனால் வேலை முடிந்து வைக்கும் ரம்பம் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும்.

சரி, யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொறுத்துக்கொள்வது

இது சோம்பேறித்தனம் இல்லை. நிற்கும்போது மட்டும் கொஞ்சம் விடுகிற ரம்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேலை முடிந்து ரம்பம் சூடாக இருக்கும்போதே எண்ணெய் மூடியை ஒரு தரம் தளர்த்தி, உள்ளே அடைந்த காற்றை விட்டுவிட்டு மறுபடியும் இறுக்குங்கள். அப்போது ரம்பம் மூடிப் பக்கம் மேலே பார்த்தபடி படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் கையில் கொட்டும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து டப்பாவில் ஊற்றி வையுங்கள். கவரைக் கழற்றித் தூளைத் தட்டிவிடுங்கள். இங்கே விறகுக்கு வெட்டும் வாட்டில் மரத்தின் பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டினால் அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்து களியாகி கவருக்குள் அப்பிக்கொள்ளும், பிறகு நாள் கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். ரம்பத்தை அகலமான தகர டிரேயில் வைத்துவிட்டால் தரை பிழைத்தது.

இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது எண்ணெய் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை: வெட்டிய மரத்தின் வெளிறிய முகத்துக்கு எதிரே, தொடாமல், பாரின் நுனியைக் காட்டி வேகம் கொடுங்கள். மெல்லிய எண்ணெய்க் கோடு தெறித்தால் செயினுக்கு எண்ணெய் போய்ச் சேர்கிறது. கோடு விழவில்லை, ஆனால் ரம்பத்தின் வயிற்றுப் பக்கம் நனைந்திருக்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளவே கூடாது. எண்ணெய் வழியிலேயே தப்பிப் போகிறது, பாரும் செயினும் காய்ந்து தேய்கின்றன. தரையில் விழும் எண்ணெயின் விலையைவிட, கருகிப்போகும் பாரின் விலை எத்தனையோ மடங்கு.

வீட்டிலேயே சரிசெய்வது

என்னைக் கேட்டால் மற்ற எல்லா வழிக்கும் முன்னால் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். பிறகு ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் அந்த சாயங்காலம் வீண் இல்லை. ஏனென்றால் "எங்கேயோ ஒழுகுது" என்று கொண்டுபோகிறவருக்கும் "கிளட்ச் பக்கம், பார் கழற்றினாலும் ஒழுகுது" என்று சொல்கிறவருக்கும் வரும் பில் ஒரே மாதிரி இருக்காது.

முதல் வேலை ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றுவது. பிறகு பார், செயின், கவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) நனைத்த பிரஷால் உடம்பைத் தேய்த்து நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்த் தொட்டியைப் பாதி நிரப்பி, சுத்தமான அட்டைமேல் ரம்பத்தை வைத்து, அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை லேசாகத் தூவிவிட்டால், எண்ணெய் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும். கசிந்த எண்ணெய் உடம்பின் அடிப்பக்கம் நெடுந்தூரம் ஓடித்தான் சொட்டும். ஆகவே சொட்டிய இடத்தைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

ஒரு ராத்திரி கழித்துப் பாருங்கள். மூடியைச் சுற்றி ஈரம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மூடியின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகிப் போயிருக்கும், வெடித்திருக்கும், அல்லது அதன் இருக்கையில் ஒரு துளி மரத்தூள் உட்கார்ந்திருக்கும். துடைத்து, புது ஓ-ரிங் போட்டால் முடிந்தது. கையால் மடக்கித் திருப்பும் வகை மூடி சில நேரம் சரியாக உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது. மூடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே புது ரம்பம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பாரைக் கழற்றி வைத்தால் ஒழுகவில்லை, மாட்டினால் ஓடும்போது ஒழுகுகிறது என்றால் குற்றவாளி பார்தான். அதன் எண்ணெய்த் துளை அடைத்திருக்கும். வர வேண்டிய எண்ணெய்க்குப் பாருக்குள் வழி இல்லாததால், பாருக்கும் உடம்புக்கும் நடுவில் வழிந்து கீழே இறங்கும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, பழைய ஹேக்சா பிளேடால் பள்ளம் முழுவதையும் சுரண்டி எடுங்கள். வெளியே வரும் அழுக்கின் அளவு உங்களை ஆச்சரியப்படுத்தும். பாரைத் திருப்பி மாட்டினால் தேய்மானமும் இரண்டு பக்கமும் சமமாகும். கோயில் ரம்பம் மாதிரி பல கைகள் தொடும் ரம்பத்தில் அதிகம் காணும் பழுது இதுதான். எல்லாரும் வெட்டுவார்கள், கவரைக் கழற்ற மட்டும் ஆள் கிடைக்காது.

உடம்பின் பின்பக்கம் அல்லது கைப்பிடிக்கு அடியில் ஈரம் என்றால் காற்று வால்வைச் சந்தேகப்படலாம். அது தேய்ந்து திறந்தபடி நின்றுவிட்டால், ரம்பத்தைச் சாய்த்து வைக்கும்போதெல்லாம் அந்த வழியாக எண்ணெய் வரும். பல மாடல்களில் அது விரல் நகம் அளவு பாகம், பிடுங்கிப் புதிதை அழுத்தி வைத்தால் போதும். இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு. வால்வு அடைத்துப் போனால் ஒழுகாது, ஆனால் வெட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செயின் காய்ந்துவிடும், மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும். இதற்கும் அதே பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பார் இல்லாமலும், மூடியைத் தளர்த்திக் காற்றை விட்ட பிறகும், உடம்பில் உள்ள துளை வழியாகவோ கிளட்சுக்குப் பின்னாலிருந்தோ எண்ணெய் நிற்காமல் வந்தால் பம்ப் அல்லது அதற்கு வரும் ரப்பர் குழாய் போய்விட்டது. நாள்பட்ட ரம்பத்தில் அந்தக் குழாய் ஊறி மிருதுவாகி இணைப்பில் வெடித்திருக்கும். வீட்டு வேலையின் எல்லை எனக்கு இங்கேதான். பம்பைத் தொடக் கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச் மரை எதிர்த்திசையில் இருக்கும், அதாவது கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் நகராமல் இருக்க ஸ்பார்க் பிளக் துளையில் பிளாஸ்டிக் நிறுத்தியைத் திருகி வைக்க வேண்டும். கையில் கிடைத்த ஸ்குரூடிரைவரை அங்கே நுழைத்துப் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிட்டால், சின்னக் கசிவு இன்ஜின் வேலையாக வளர்ந்துவிடும். கருவியும் பொறுமையும் இருப்பவர்கள் செய்யலாம். கமிட்டிப் பொருளில் நான் செய்ய மாட்டேன்.

எபாக்சி பசையைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியில் விரிசல் என்றால் எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள். வருஷக் கணக்கில் எண்ணெய் ஊறிய பிளாஸ்டிக்கில் அது பிடிப்பது கடினம். பிடித்தாலும் ரம்பத்தின் அதிர்வில் எத்தனை நாள் நிற்கும்? அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்ட உதவலாம், அவ்வளவுதான்.

ஒர்க்ஷாப்பில் கொடுப்பது

பம்ப், குழாய், கிளட்ச் பக்கம் என்று உறுதியானால் இதுதான் வழி. நம் ஊரைச் சுற்றி மரத்தோட்டங்கள் இருப்பதால் செயின்சா தெரிந்த மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வரும்: "பம்ப் மாற்றிவிட்டோம்" என்று சொல்லித் தருவார்கள், ஒரு வாரத்தில் அதே அட்டை அதே மாதிரி நனைந்திருக்கும்.

இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, பழுது பார்க்கும்போது பொருத்திய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் அந்தக் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. நாம் தப்பாகப் பயன்படுத்திக் கெடுத்திருந்தால் அது செல்லாது. வேலைக்கு முன்பே செலவு மதிப்பீடு கேட்கும் உரிமையை 15-ஆம் பிரிவு தருகிறது. ஆகவே ரம்பத்தைக் கொடுக்கும்போதே மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், பில்லில் எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பழைய குழாயில் வெடிப்பைக் கண்ணால் பார்த்தால் மனசுக்கும் நிம்மதி.

மதிப்பீடு வந்ததும் என் கணக்கு ஒன்றுதான். அதே தரத்துப் புது ரம்பத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். அதற்குள் அடங்கினால், நல்ல கம்பெனி ரம்பமாக இருந்தால், பழுது பார்ப்பதே மேல். இன்னொன்று: விலை குறைவு என்று மாற்றுக் கம்பெனி பம்ப் போடச் சொல்லாதீர்கள். ஓ-ரிங்குக்கு அது பரவாயில்லை. பம்பில் மில்லிமீட்டரின் சின்னப் பங்கு தப்பினாலும் மறுபடி கசியும், அல்லது எண்ணெய் போதாமல் போகும்.

புதிது வாங்குவது

தொட்டி உடம்போடு சேர்ந்து வார்த்தது, அதில்தான் விரிசல் என்றால், அல்லது பாகமே கிடைக்காத மாடல் என்றால், வாங்க வேண்டியதுதான். வேறு காரணத்துக்காக வாங்குவதாக இருந்தால் ஒழுகலைச் சாக்காகச் சொல்லாதீர்கள். ஏனென்றால் புது ரம்பமும் இதே பாதையில்தான் எண்ணெய் அனுப்பும், இதே தகரக் கூரையின் கீழேதான் உட்காரும்.

ஆன்லைனில் பெரிய இன்ஜின் அளவு போட்டு மலிவாக விற்கும் பெயர் தெரியாத ரம்பங்கள் பார்க்க ஆசையாக இருக்கும். வெட்டவும் வெட்டும். ஆனால் அவற்றின் மூடியும் வால்வும் பம்பும்தான் காசு மிச்சம் பிடிக்கும் இடங்கள். ஒழுகலிலிருந்து தப்ப அதை வாங்குவது சட்டியிலிருந்து அடுப்பில் விழுவது. பெயருள்ள கம்பெனியின் சின்ன மாடல் ஒன்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பணமா, மாற்றுப் பொருளா, பழுது பார்ப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு நமக்குத் தருகிறது.

பேட்டரி ரம்பம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு: சத்தம் குறைவு, பெட்ரோல் வாடை இல்லை. மூன்றாவதாக "எண்ணெய் ஒழுகாது" என்று சொன்னால் அது மட்டும் தப்பு. அதிலும் பார் உண்டு, செயின் உண்டு, தொட்டி உண்டு, பம்ப் உண்டு. சொல்லப்போனால் ஒழுகல் பற்றிய புலம்பல் பேட்டரி ரம்பத்தில்தான் அதிகம் கேட்கும். சுத்தமான கருவி என்று நினைத்து அதை அலமாரியில், டிரில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள், அலமாரி நனைகிறது. தோட்டத்தில் மாங்கிளை கழிக்கவும், புயலில் விழுந்த ஒரு மரத்தை அறுக்கவும் அது அருமையான சாமான். குழிக்கு வேண்டிய கட்டையை ஒரே சனிக்கிழமையில் வெட்டி முடிக்க வேண்டும் என்றால் எத்தனை பேட்டரி, எங்கே சார்ஜ் என்று முதலில் கேளுங்கள். வாட்டில் மரம் இருக்கிற ஓடைக்கரையில் பிளக் பாயிண்ட் கிடையாது. 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன ஸ்டேஜ் 6 மின்வெட்டில் நாம் பட்ட பாட்டை மறந்து பேட்டரியை நம்பி நாள் குறிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மற்றவர்கள் இதில் என்னோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

மூத்தவர் சொன்ன வழிக்கு வருவோம். ரம்பமே வேண்டாம், வெட்டிப் பிளந்த வாட்டிலைப் பக்கி (சின்ன பிக்-அப் வண்டி) கணக்கில் வாங்கிக்கொள்வது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ரம்பத்துக்கு வேலை என்றால் கணக்கில் இதுவே ஜெயிக்கும். பாதுகாப்பும் உண்டு, தொண்டுக்கு வரும் பையன்கள் பயிற்சி இல்லாமல் செயின்சா பிடிக்க வேண்டியதில்லை. நான் எதிர்க்கும் ஒரே காரணம், கோயில் வளாகத்தில் வருஷம் முழுக்கக் கிளை விழுகிறது, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாய்ந்து நிற்கும் மரங்களை யார் வந்து வெட்டுவார்கள் என்று காத்திருந்த வேதனை எங்களுக்குத் தெரியும். அப்படித் தேவை இல்லாத இடத்தில் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

ஒழுகும் எண்ணெய் மண்ணைக் கெடுக்கிறது என்று கவலைப்படுபவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது. ஒரு தொட்டி பெட்ரோல் தீரும்போது ஏறக்குறைய ஒரு தொட்டி எண்ணெயும் தீர வேண்டும், ரம்பத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அதாவது ஸ்டோர் ரூமில் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கசிவதைவிட, ரம்பம் ஒழுங்காக வேலை செய்யும்போதுதான் அதிக எண்ணெய் மண்ணுக்குப் போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தோல் பதனிடப் பட்டைக்காக நட்டு, பிறகு கைமீறிப் போன வாட்டில் மரம் ஆற்றங்கரைகளில்தான் அடர்ந்து நிற்கிறது. அது போன்ற அந்நிய மரஞ்செடிகளை அழிக்கவே 1995-இல் அரசு வொர்க்கிங் ஃபார் வாட்டர் திட்டத்தைத் தொடங்கியது. நாம் அங்கே வெட்டும்போது எண்ணெய் விழும் இடம் தண்ணீரின் ஓரம். ஆகவே கசிவைவிட எந்த எண்ணெய் என்பதே பெரிய கேள்வி.

காரிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். இலவசம் என்பதால் பலர் ஊற்றுகிறார்கள். அதில் உலோகத் துகளும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களும் சேர்ந்திருக்கும். செயின் அதைப் பொடித் துளியாக முகத்துக்கும் கைக்கும் தெளிக்கும். மெல்லியதாக இருப்பதால் ஒழுகலும் கூடும், பம்பும் தேயும். அந்த ஆயிலை ரோஸ் ஃபவுண்டேஷன் ஏற்பாட்டில் நடக்கும் சேகரிப்பு இடங்களில் கொடுத்துவிடலாம்.

விழா முடிந்ததும் வடை சுட்ட எண்ணெய் ஒரு டின் மிஞ்சும். "அதை ஊற்றினால் என்ன?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அதில் உப்பும் மாவுத் துகளும் இருக்கும், பம்பின் வடிகட்டி அடைக்கும், எறும்பு வேறு வரும். புது சூரியகாந்தி எண்ணெய் ஒரு நாள் வேலைக்கு ஓடும், ஆனால் உள்ளேயே விட்டுவைத்தால் காய்ந்து பிசினாகி பம்பையும் செயினையும் பிடித்துவிடும். கனோலா அந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். ஓடைக்கரை வேலைக்கு, செயின்சாவுக்கென்றே தயாரித்த தாவர எண்ணெய் வாங்கலாம், விலை கூடத்தான். அதையும் வேலை முடிந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மற்ற இடங்களுக்கு சாதாரண பார் ஆயில் போதும். அதில் செயினோடு ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை சேர்த்திருப்பதால் தெறிப்பதும் வடிவதும் குறைவு. டர்பன் பக்கத்துக் கோடைச் சூட்டில் மெல்லிய எண்ணெய் தண்ணீராக ஓடும், கெட்டி வகை வாங்குங்கள். சில ரம்பங்களின் அடியில் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. ஒழுகலை நிறுத்த அதைத் திருகிக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கும்போது கசிவதற்கும் அந்தத் திருகுக்கும் சம்பந்தம் இல்லை, பார்தான் பலியாகும்.

கோயில் ரம்பத்துக்கு நான் கமிட்டியில் சொன்னது: பாரைச் சுத்தம் செய்து, மூடியின் ஓ-ரிங்கையும் காற்று வால்வையும் மாற்றி, அட்டைச் சோதனையை மறுபடி செய்வோம். அப்போதும் கிளட்ச் பக்கம் வந்தால் எழுத்தில் மதிப்பீடு வாங்குவோம், பாதி விலைக்கு மேல் என்றால் விற்றுவிட்டு அதே கம்பெனியின் சின்ன பெட்ரோல் ரம்பம் வாங்குவோம். ஒர்க்ஷாப்புக்கு அனுப்புவதாக இருந்தால் தைப்பூசக் காவடி முடிந்த கையோடு அனுப்ப வேண்டும். மார்ச்சில் கொண்டுபோனால் புனித வெள்ளிக்குள் கைக்கு வருமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். விற்கும்போது வாங்குகிறவரிடம் எங்கே ஒழுகுகிறது என்று காட்டிவிட்டு, நனைந்த அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.